இரண்டாவது தொலைபேசி அழைப்பு

கேள்வி: 1987-இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவன் நான். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட இருவர் திரும்பவில்லை. மகள் இப்போது பரங்கிமலை அகாதெமியில் அதிகாரிப் பயிற்சியில் இருக்கிறாள். லீவில் வந்தவள் கிரிவலத்தில், அடி அண்ணாமலை தாண்டும்போது கேட்டாள்: “பேச்சுக்கு வர்ற பிரபாகரனைச் சுடச் சொன்னப்போ நம்ம ஜெனரல் மறுத்தாராமே, அது சரியாப்பா?” எனக்கு வாய் வரவில்லை. சுட்டிருந்தால் என் தோழர்கள் இருந்திருப்பார்களே?

– ஓய்வுபெற்ற சுபேதார், திருவண்ணாமலை

பதில்: சுபேதார் சாப், அவர் மறுத்தது சரி. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

அமைதிப்படைத் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் தம் நூலில் எழுதியிருப்பது இது. செப்டம்பர் 14 இரவு கொழும்பிலிருந்து இந்தியத் தூதர் தீட்சித் தொலைபேசியில் அழைத்து, சந்திப்புக்கு வரும் விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனைக் கைது செய்யுங்கள் அல்லது சுடுங்கள் என்றாராம். ஹர்கிரத் அந்த இடத்திலேயே முடிவு சொல்லவில்லை. பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, தம் மேலதிகாரி லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங்கை அழைத்தார். வெள்ளைக் கொடியோடு பேச வருகிறவரை முதுகில் சுடுகிற படை நாமில்லை என்பது அங்கிருந்து வந்த பதிலின் சாரம். அதை அப்படியே கொழும்புக்குச் சொன்னார்.

அந்த இரண்டாவது அழைப்பை மகள் மனதில் வைத்துக்கொள்ளட்டும். 1950 ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு கீழ்ப்படியாதவரைத் தண்டிக்கிறது. ஆனால் மீறியது சட்டப்படியான கட்டளையாக இருக்க வேண்டும். பேச அழைத்துக் கொல்லச் சொல்வது அந்தக் கணக்கில் வராது.

சுட்டிருந்தால் போர் நின்றிருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. அக்டோபர் 10-இல் போர் மூண்டு, நம் வீரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். உங்கள் வலி எனக்குத் தெரியும், நானும் நண்பர்களை அங்கே விட்டவன். ஆனாலும் நின்றிருக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் அவர் மறுத்தது சரிதான் என்பேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அதே அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்த நம் படையினர் நோயாளிகளையும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் சுட்டதாக உயிர்தப்பியவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அந்த வராந்தாவில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? அப்படி ஓர் இடத்தில் “நிறுத்து” என்று கத்த வேண்டியவர் ஜெனரல் அல்ல, உங்கள் மகள் வயது லெப்டினன்ட்.

நீங்கள் அங்கே கண்டதில் அவளிடம் இதுவரை சொல்லாதது ஏதாவது இருந்தால், அடுத்த கிரிவலத்தில் சொல்லிவிடுங்கள்.