முற்றத்தில் முதற் பாடம்

நான்கு வயதுக் குழந்தை ஒன்று முதல் இருபது வரை மூச்சு விடாமல் ஒப்புவிப்பதைக் கேட்டுப் பெற்றோர் பூரிப்பது இயல்பே. ஆயினும், அக்குழந்தையிடமே, “கூடையிலிருந்து மூன்று கத்தரிக்காய் எடுத்து வா” என்று சொல்லிப் பார்ப்போம். சில குழந்தைகள் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளி வரும். இதற்காகக் கடிந்து கொள்ள வேண்டியதில்லை. எண்களின் பெயர் அதற்குத் தெரியும். ஒரு பெயருக்கு ஒரு பொருள் என்பது இன்னும் பிடிபடவில்லை.

அதைப் பிடிபடச் செய்யும் இடம் நமது வீடேயாகும். உணவு வேளையில், “ஆளுக்கு ஒரு தட்டு வை” எனக் குழந்தையிடம் பணித்தல் போதுமானது. பாட்டிக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று வைத்து வரும்போது ஒரு தட்டு குறையுமானால், நாம் உடனே எடுத்துக் கொடுத்துவிடலாகாது. யாருக்கு இல்லை என்று அதுவே தேடிக் காணட்டும். அத்தேடலில் கணக்கு பிறக்கிறது. பின்னர்ப் புளியங்கொட்டைகளை ஐந்தைந்தாகக் குவிக்கச் சொல்லலாம். முறத்தில் மொச்சையையும் கொண்டைக்கடலையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் செய்யலாம். தாய்மார்கள் இதற்கெனத் தனியே நேரம் ஒதுக்க வேண்டுவதில்லை. அடுப்படி வேலையோடு வேலையாக நடக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விதைகளை மூக்கிலும் வாயிலும் இட்டுக் கொள்ளும் வயது இது. பெரியவர் ஒருவர் அருகிருத்தல் அவசியம். மூன்று வயது நிரம்பாத குழந்தைகளிடம் இவற்றைக் கொடுக்கவே கூடாது.

இம்முறை புதிதன்று. தாராபாய் மோடக் அம்மையார், இன்றைய மகாராஷ்டிரத்துக் கடலோர ஊராகிய போர்டியில் 1945-இல் கிராமக் குழந்தைகளுக்கான கல்விப் பணியைத் தொடங்கியபோது, ஊரில் எளிதிற் கிடைத்த பொருள்களையே கருவிகளாகக் கொண்டார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களை நாம் அங்கன்வாடி என்கிறோம். ‘அங்கன்’ என்பதற்கு முற்றம் என்று பொருள். மையத்திற்குக் குழந்தையை அனுப்பியதோடு நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர், இப்பெயரைச் சற்றுச் சிந்திப்பது நலம்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். மூன்று வயதிலேயே பலப்பத்தைத் திணித்து, விரலைப் பிடித்து அழுத்தி எழுத வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. குழந்தையின் விரல்களுக்கு அவ்வலிமை இன்னும் வந்திருக்காது. கை நோவும், பிறகு பலப்பத்தைக் கண்டாலே அழுகை வரும். அதற்குப் பதிலாகச் சப்பாத்தி மாவில் சிறு உருண்டை கொடுத்துப் பிசைந்து உருட்டச் சொல்லலாம். பரப்பிய மணலில் விரலால் புள்ளி வைத்துக் கோலம் இழுக்கச் சொல்லலாம். பலப்பம் பிடிக்கும் விரல்கள் இவ்வாறே உறுதி பெறுகின்றன.

இரவில் கதை சொல்லும்போது பாதியில் நிறுத்தி, “பிறகு நரி என்ன செய்திருக்கும்?” என்று கேட்போம். குழந்தை சொல்லும் விடை நமது கதையோடு பொருந்தாமற் போகலாம். அப்போது திருத்தாமல், அதன் கதையையே தொடர்ந்து கேட்போமாக.