கைத்தொலைபேசி கொண்டு பயிர்நோய் அறியும் முறை

பயிர் மஞ்சளித்தோ வாடியோ காணப்படும்போது கமக்காரர் முதலிற் கேட்பது, "எந்த மருந்தை அடிக்கலாம்?" என்பதாகும். அதற்கு முன் கேட்கவேண்டியது, "பயிரைத் தாக்கியிருப்பது யாது?" என்பதே. இக்கேள்விக்குத் தவறான விடை கிடைப்பின் மருந்துக்கு இட்ட பணம் வீணாகும். அதனிலும் பெரிய நட்டம் யாதெனில், உண்மையான நோய் அவ்விடைக்காலத்தில் வயல் முழுவதும் பரவிவிடுதலாகும்.

நோயுற்ற இலையைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்தால் நோயின் பெயரைக் கூறும் செயலிகள் இன்று பல உள. இவை எவ்வாறு வேலை செய்கின்றன, இவற்றை எவ்வளவு நம்பலாம், கமக்காரர் தாமே செய்யவேண்டிய சோதனைகள் யாவை என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

செயலி நோயை அறியும் விதம்

ஆயிரக்கணக்கான இலைகளின் படங்களை, ஒவ்வொன்றுக்கும் உரிய நோயின் பெயருடன் கணினிக்குக் காட்டுவர். கணினி அவற்றின் நிறம், புள்ளி, வடிவம் ஆகியவற்றின் ஒற்றுமையைப் பழகிக் கொள்ளும். பின்னர் புதிய படமொன்றைக் காட்டினால், தான் பழகியவற்றுள் எதனுடன் அது மிகவும் ஒத்திருக்கின்றதோ அதன் பெயரைக் கூறும்.

2016 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 14 பயிர்களையும் 26 நோய்களையும் சேர்ந்த 54,306 படங்கள் பயன்படுத்தப்பட்டன. அதே தொகுதியிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட படங்களைக் காட்டியபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவற்றைக் கணினி சரியாக அறிந்தது. வேறு சூழ்நிலைகளில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியபோதோ, நூற்றுக்கு 31 அளவே சரியாயிருந்தன. பழக்கிய படங்கள் ஒவ்வொன்றும் தனி இலையைப் பறித்து, வெற்றுப் பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டவை. வயலிலோ இலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். வெயிலும் நிழலும் சேறும் கலந்திருக்கும். மேலும் அந்த 14 பயிர்களுள் நெல்லும் இல்லை, கத்தரியும் இல்லை.

பின்னர் வந்த செயலிகள் வயலில் எடுத்த படங்களையும் கொண்டு பழக்கப்பட்டுள்ளன. எனினும், தனக்குக் காட்டப்படாத நோயை எச்செயலியும் அறியாது என்பதை மறத்தல் கூடாது.

ஆபிரிக்காவிற் கண்ட பயன்

அமெரிக்கக் கண்டத்திற்குரிய படைப்புழு 2016 இல் ஆபிரிக்காவிற் காணப்பட்டது. அங்கு பல நாடுகளில் சோளமே மக்களின் முதன்மை உணவாகும். கமக்காரர் அப்புழுவை முன்னர் கண்டதில்லை. ஆதலின் 2018 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 'நூரு' என்னும் செயலியை வெளியிட்டன. சுவாகிலி மொழியில் இச்சொல்லுக்கு 'ஒளி' என்பது பொருள். இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் இது வேலை செய்தமையே இதன் சிறப்பு.

இதே செயலியை மரவள்ளிப் பயிரிற் சோதித்த ஆய்வொன்று 2020 இல் வெளியாயிற்று. நோயையும் பீடையையும் சரியாக அறிந்தோரின் அளவு கமக்காரரில் நூற்றுக்கு 18 முதல் 31 வரை, விவசாய உத்தியோகத்தரில் 40 முதல் 58 வரை, செயலிக்கோ 65. ஒரு செடியில் ஆறு இலைகளைக் காட்டியபோது செயலியின் அளவு 74 முதல் 88 வரை உயர்ந்தது. இதனால் நாம் கற்பது இரண்டு. இக்கருவியை உத்தியோகத்தரும் அலட்சியம் செய்தல் கூடாது. ஓர் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்தலும் கூடாது.

அப்படைப்புழு 2018 இல் இலங்கைக்கும் வந்து, 2018/19 பெரும்போகத்திற் சோளச் செய்கையைத் தாக்கியமை நினைவிலிருக்கும். புதிய பீடை வரும்போது அதனை விரைவில் இனங்காணுதல் எவ்வளவு அவசியம் என்பதை அப்போகம் உணர்த்திற்று.

படம் பிடிக்கும் முறை

1. காலை வெளிச்சத்திற் பிடிக்குக. உமது நிழல் இலைமேல் விழாதிருத்தல் வேண்டும்.

2. தாக்கப்பட்ட இடம் முழுவதையும் ஒரு படம், முழுச் செடியை ஒரு படம், நோயுற்ற பாகத்தை அண்மையில் ஒரு படம் என மூன்று வகையாக எடுக்குக. இலையின் மேற்புறம், கீழ்ப்புறம் இரண்டையும் காட்டுக.

3. ஒரு செடியில் ஆறு இலைகளையேனும் காட்டுக. வயலின் வெவ்வேறு இடங்களிலுள்ள செடிகளிலும் இவ்வாறே செய்க.

4. முற்றாகக் காய்ந்த இலையைத் தவிர்க்குக. நோய் இப்போதே தொடங்கிய இலையே நோயின் அடையாளத்தைத் தெளிவாகக் காட்டும்.

5. இனம், விதைத்த நாள், இட்ட பசளை, அடித்த மருந்து, நீரின் நிலை ஆகியவற்றைக் குறித்து வைக்குக. இவை எந்தப் படத்திலும் தெரியா.

படத்திற் காணாத மூன்று

நெல்: வரம்பில் நின்று எடுக்கும் படத்தில் வட்டமான மஞ்சள் திட்டு மட்டுமே தெரியும். அதைப் பசளைக் குறைவென்று எண்ணி யூரியா இடுதல் பெருந்தவறாக முடியலாம். அறக்கொட்டியான் எனப்படும் கபில நிறத் தத்தி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அடித்தண்டிலிருந்து சாற்றை உறிஞ்சும். மிகையான யூரியாவும் நெருக்கமான விதைப்பும் அதனைப் பெருக்கும். ஆதலின் வயலுள் இறங்கிப் பயிரை விலக்கி அடியைப் பார்க்குக. பயிரைத் தட்டினால் தத்திகள் நீரில் விழும். அவை மிகுந்திருப்பின் மூன்று நான்கு நாட்களுக்கு நீரை வடித்துவிடுக. சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களைக் கொல்லும் மருந்தைக் கண்டபடி அடித்தால் தத்தி முன்னிலும் பெருகும்.

கத்தரி, தக்காளி: செடி பச்சை நிறம் மாறாமலே திடீரென வாடினால் பற்றீரியா வாடலாக இருக்கலாம். பங்கசினால் வரும் வாடலும் படத்தில் ஏறக்குறைய இவ்வாறே தோன்றும். இரண்டையும் பிரித்தறிய ஒரு கண்ணாடிக் குவளை போதும். தண்டின் அடிப்பாகத்தில் ஒரு துண்டை வெட்டி, அதன் நுனி தெளிந்த நீரில் தோயுமாறு பிடிக்குக. சில நிமிடங்களிற் பால்போன்ற வெண்ணிழை கீழ்நோக்கி இறங்கின் அது பற்றீரியா வாடல். இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. செடியை வேருடன் பிடுங்கி எரித்து, அடுத்த முறை அவ்விடத்திற் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விடுத்துச் சோளம் போன்ற வேறு பயிரைச் செய்க.

மிளகாய்: இலைச் சுருட்டலைக் கண்டவுடன் மருந்துக் கடைக்குச் செல்லற்க. பனிப்பூச்சி தாக்கின் இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணி தாக்கின் கீழ்நோக்கி வளையும். பனிப்பூச்சிக்குரிய மருந்துகள் பல சிற்றுண்ணியைக் கொல்லா. கொழுந்திலையின் கீழ்ப்புறத்தைக் கைவில்லையாற் பார்த்தால் எது உள்ளதென்பது புலப்படும்.

மருந்துக்கு முன் செய்யவேண்டியது

சில செயலிகள் நோயின் பெயருடன் மருந்தின் பெயரையும் கூறும். அம்மருந்து இலங்கையிற் பதிவு செய்யப்படாததாகவோ, உமது பயிருக்கு விதந்துரைக்கப்படாததாகவோ இருக்கலாம். ஆதலின் செயலி கூறிய பெயரை முடிவாகக் கொள்ளாது, ஒரு சந்தேகமாகவே கொள்ளுக. மேற்கூறிய சோதனையைச் செய்து, படங்களையும் குறிப்பையும் உமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

போதனாசிரியர் ஒருவர் தமது பிரிவிலுள்ள எல்லா வயல்களுக்கும் ஒரே நாளிற் செல்லல் இயலாது; நல்ல படமும் சரியான குறிப்பும் அன்றே அவரை அடையும். ஆனால் அடித்தண்டை விலக்கிப் பார்ப்பதும் குவளை நீரில் தண்டைப் பிடிப்பதும் வயலில் நிற்பவர் செய்யவேண்டியவை. வாரம் ஒருமுறையேனும் வயலுள் இறங்கிப் பார்க்கும் கமக்காரருக்கே கைத்தொலைபேசி நல்ல துணையாகும்.