முதல் டூ-ஸ்ட்ரோக் வாங்கும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு 23 வயது. ஊர் விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கத்தில் வேலை. பாறை மேலும் மரக்கட்டை மேலும் கால் ஊன்றாமல் ஏறுகிற டிரையல்ஸ் போட்டி வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து அப்படி ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டி வாங்க ஆசை. அப்பாவின் ஸ்ப்ளெண்டரைத் தவிர வேறு எதுவும் ஓட்டியதில்லை. திண்டிவனத்தில் ஒருவர் பாண்டிச்சேரி நம்பர் ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிறார். "இப்பத்தான் இன்ஜின் வேலை பார்த்தது, கண்ண மூடிக்கிட்டு எடு" என்கிறார். புது வண்டிக்கு ஆகிற விலை சொல்கிறார். எடுக்கலாமா? எடுத்தால் எப்படி வைத்துக்கொள்வது? செஞ்சிப் பக்கம் பாறைகளில் ஓட்டிப் பழகலாமா?
— வாசகர், விக்கிரவாண்டி

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செஞ்சிக் கோட்டை மலைகளில் வண்டி ஏற்றவே கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. திருவக்கரை கல்மரங்கள் இருக்கும் பகுதிக்கும் இதே பதில்தான். கைவிட்ட கல்குவாரிகள் பக்கமும் போகாதீர்கள், விளிம்பு எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. உறவுக்காரர் யாருடைய மேட்டு நிலமாவது அறுவடை முடிந்து சும்மா கிடந்தால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். நாலு கல், ரெண்டு பனங்கட்டை போட்டால் முதல் வருஷத்துக்கு அது போதும்.

நீங்கள் வீடியோவில் பார்த்த வண்டிகள் காஸ் காஸ், பீட்டா, ஷெர்கோ, மொன்டேசா வகையைச் சேர்ந்தவை. இருக்கை கிடையாது, எடை 70 கிலோ அளவுதான். ஓசூர் டிவிஎஸ் 2015 முதல் ஷெர்கோவோடு சேர்ந்து டக்கார் ராலியில் கலந்துகொண்டது. ஆனாலும் ஷெர்கோவின் டிரையல்ஸ் வண்டி நம் ஊர் ஷோரூம்களுக்கு வரவில்லை. தனியாக இறக்குமதி செய்தால் வரியோடு போகாது. ஒரு கிளட்ச் பிளேட் தேய்ந்தாலும் அதுவும் கடல் கடந்துதான் வரவேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு அது வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

டிரையல்ஸ் போட்டியில் வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. ஒரு முறை கால் ஊன்றினால் 1 புள்ளி, பகுதியை முடிக்காமல் விழுந்தால் 5 புள்ளி, குறைந்த புள்ளி எடுத்தவர் வெற்றியாளர். ஆகவே ஃபுட்ரெஸ்ட் மேல் நின்றுகொண்டு, ஒரே விரலால் கிளட்ச்சைப் பிடித்து, நடை வேகத்தில் எட்டு போடுவதுதான் அரிச்சுவடி. இதை எடை குறைந்த கியர் வண்டி எதிலும் கற்கலாம். எக்ஸ்.எல். சூப்பரும் டூ-ஸ்ட்ரோக்தான், ஆனால் அதில் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை, அதனால் இதற்கு உதவாது. ஆர்.எக்ஸ். 100 உதவும். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை 100 கிலோவை ஒட்டி. ஒரு குறையும் உண்டு. அதன் இழுவை மேல் ஆர்.பி.எம்-மில்தான் கிடைக்கும், மெதுவாகப் போனால் திணறி நின்றுவிடும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைவாகப் போட்டால் ஓரளவு சரியாகும். டிரையல்ஸ்காரர்கள் டயரில் 5 பி.எஸ்.ஐ. அளவுதான் காற்று வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு நீங்களும் குறைக்காதீர்கள். ட்யூப் டயரில் அவ்வளவு குறைத்தால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வு கிழிந்துவிடும்.

இனி திண்டிவனத்து வண்டிக்கு வருவோம். "இன்ஜின் வேலை பார்த்தது" என்றால் ஹாஃப் இன்ஜினா, ஃபுல் இன்ஜினா என்று கேளுங்கள். பெரும்பாலும் போர் பண்ணி, பிஸ்டன் மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். டூ-ஸ்ட்ரோக்கின் உயிர் அதற்குக் கீழே, கிராங்க்கில் இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டுத்தான் சிலிண்டருக்கு ஏறும். அந்த அறைக்கு இரண்டு பக்கமும் ஆயில் சீல் உண்டு. மேக்னெட் பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே நுழையும். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் இறங்காமல் நிற்கும், சூடேறி ஒருநாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வண்டி சூடான பிறகும் வெண்புகை அடங்காது, கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும்.

அதனால் "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். சோக் போட்டு சில உதையில் எடுக்கவேண்டும். சூடானதும் ஐடிலில் சீராக நிற்கிறதா, முறுக்கிவிட்டால் சட்டென்று இறங்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு அணைத்துவிட்டு மேக்னெட் மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருக்கும் மேக்னெட் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, கிராங்க்கைப் பிரித்து லேத்துக்குக் கொண்டுபோகவேண்டும். போர் எத்தனை ஓவர்சைஸில் இருக்கிறது என்றும் கேளுங்கள். 0.25 மி.மீ. ஏறியிருந்தால் இன்னும் இடம் இருக்கிறது, 1 மி.மீ. தொட்டிருந்தால் அடுத்தது ஸ்லீவ்தான். பெயிண்ட், ஸ்டிக்கர், குரோம் எல்லாம் பிறகு வாங்கலாம். அவற்றுக்காக ஒரு ரூபாய்கூட கூடுதலாகத் தராதீர்கள்.

வண்டி அளவுக்குப் பேப்பரும் முக்கியம். ஆர்.எக்ஸ். 100 வந்தது 1985 முதல் 1996 வரை. எந்த வண்டியானாலும் 15 வருஷம் தாண்டி, ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்திருக்கவேண்டும். பாண்டிச்சேரி நம்பர் என்பதால் அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, பெயர் மாற்ற 29, 30 கொடுக்கவேண்டும். ஆர்.சி-யில் உள்ளவர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31. இதெல்லாம் முடியாமல் முழுப் பணத்தையும் கையில் கொடுக்காதீர்கள். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி-யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, ராவி மறுபடி அடித்த தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வாங்கிய பிறகு லைட், மட்கார்டு கழற்றி டிரையல்ஸ் மாதிரி வெட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டுவீர்கள்.

பராமரிப்பில் நான் அதிகம் பயப்படுவது ஒரே விஷயத்துக்கு. ஆர்.எக்ஸில் ஆயிலுக்குத் தனி டேங்க்கும் பம்பும் கம்பெனியிலேயே வந்தன. பல மெக்கானிக்குகள் அந்தப் பம்பை அடைத்துவிட்டு, பெட்ரோலில் கலந்து ஊற்றச் சொல்வார்கள். உங்கள் வண்டி இதில் எது என்று தெரியாமல் வெறும் பெட்ரோல் அடித்தால், விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் இன்ஜின் பிடித்துவிடலாம். பம்ப் அடைத்திருந்தால் லிட்டருக்கு 30 மி.லி., ஜாஸோ எஃப்.சி. தரமுள்ள டூ-டி ஆயில் கலந்துகொள்ளுங்கள். கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். பம்ப் உயிரோடு இருந்தால் ஆயில் டேங்க் காலியாக விடவே கூடாது. காலியானால் குழாயில் காற்று ஏறும், அதை வெளியேற்றிய பிறகுதான் ஓட்டவேண்டும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும், கலவையையும் மெலிதாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றினால் காப்பிப் பொடி நிறம் இருக்கவேண்டும். வெளுத்திருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு படி பெரிய மெயின் ஜெட் போடுங்கள். நிலத்தில் புழுதியில் ஓட்டியபின் ஃபோம் ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் தொட்டுப் பிழிந்து மாட்டுங்கள். வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை மூடிக்கொண்டு நெடுந்தூரம் உருட்டாதீர்கள், பெட்ரோலோடு ஆயிலும் குறைந்துபோகும். நடுநடுவே கிளட்ச் பிடித்து லேசாக முறுக்கிவிடுங்கள். இழுவை மந்தமானால் சைலன்சர் பேஃபிளைக் கழற்றிக் கரியைச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டவேண்டும். சத்தத்துக்காக அதை வெளியே எறிந்துவிடாதீர்கள்.

கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கிராங்க் வேலைக்கும், கணுக்காலை மூடும் பூட்ஸுக்கும், ஹெல்மெட்டுக்கும் ஒதுக்கிவிட்டு மீதிக்கு விலை பேசுங்கள். அவர் குளிர்ந்த இன்ஜினைக் காட்ட மறுத்தாலோ, தடையில்லாச் சான்று "அப்புறம் பாத்துக்கலாம்" என்றாலோ அந்த வண்டி வேண்டாம். திண்டிவனம் விழுப்புரம் இரண்டிலும் பழைய மெக்கானிக் கடைகளில் சொல்லி வைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள்.