கொந்தளிப்பும் கொழுந்தும்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை என்னும் பேரூர் உளது. அதனை அடுத்த விருத்தாசலத்தின் தொழிற்பேட்டையிலே அகல்விளக்கும், கொலுப்பொம்மையும், மின்தொழிற்குரிய பீங்கான் கருவிகளும் சூளையிலிட்டுச் சுடப்படுகின்றன. அங்குள்ள களிமண்ணைப் பற்றிப் பேசுவார் பலர். அதனைப் பீங்கானாக்கும் தீயைப் பற்றிப் பேசுவார் சிலரே. தமிழ் பயிலும் யாம் இப்பொருளை மேற்கொண்டது சிலர்க்கு வியப்பாகலாம். சுடர், தழல், அழல், எரி, கொழுந்து எனத் தீக்குப் பல பெயரிட்ட மொழியினர்க்கு அதன் இயல்பை ஆராய்தல் புறம்பாகாது என்பது எம் துணிபு.

அகலில் எரியும் சுடரில், எண்ணெயின் ஆவி உள்ளிருந்தும் காற்று வெளியிருந்தும் வந்து, கூடுமிடத்தே எரிகின்றன. அடுக்களையில் எரியும் வாயுவின் நீலச்சுடர் அத்தகையதன்று. அவ்வாயு நுண்துளை வழியே விரைந்து பாயுங்கால் பக்கத்திலுள்ள காற்றில் ஒரு பகுதியை உடன் இழுத்து, குழலினுள்ளே அதனொடு கலந்து, பின்னரே எரிகின்றது. 1855-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் புன்சன் என்பார் வழக்கிற்குக் கொணர்ந்த விளக்கும் இவ்வகையினதே. இதனை முன்கலந்த சுடர் என்று வழங்குவோம்.

முன்கலந்த சுடருக்கு நடை ஒன்று உண்டு. எரியாத கலவையை நோக்கி அது தானே முன்னேறும். மீத்தேன் வாயு தக்க அளவில் காற்றொடு கலந்தவிடத்து அந்நடை நொடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். மெல்ல நடக்கும் ஒருவருக்கும் பின்தங்குவதே. அச்சுடரின் கனமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குழலினின்று வரும் கலவை இந்நடையினும் மிக விரைந்தால் சுடர் வாயை விட்டு எழுந்து அணையும். மிகத் தாழ்ந்தால் சுடர் குழலினுள்ளே புகும். அணைந்ததை அறியாது வாயுவைத் திறந்தே வைத்து, மீண்டும் தீ மூட்டினால் சூளையே வெடித்தல் கூடும். ஆகலின் இது ஏட்டளவில் நிற்கும் கணக்கன்று.

இத்துணை மெதுவான தீயைக் கொண்டு பெட்ரோல் எஞ்சின் ஓடுவது யாங்ஙனம்? நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில், தீ தன் தொழிலை முடிக்க ஒரு நொடியின் நூற்றிலொரு பங்கே கிடைக்கும். அதற்குள் நம் சுடர் கடப்பது 4 மில்லிமீட்டர். வெப்பமேறிய கலவையில் நடை ஓரளவு மிகும், எரிந்த வாயுவின் விரிவும் சுடரைத் தள்ளும், அவ்வாறாயினும் போதாது. உருளையோ பல சென்டிமீட்டர் அகலமுடையது. குறையை நிரப்புவது கொந்தளிப்பு. எஞ்சின் விரைய விரைய உள்ளே சுழிகளும் வலுக்கின்றன. தாய்ப்பசு ஓடக் கன்றும் உடன் ஓடுதல் போலச் சுடரும் ஈடுகொடுக்கின்றது.

இதன் காரணத்தை 1940-இல் தாம்கொலர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவகையாகப் பிரித்து விளக்கினார். பெருஞ்சுழிகள் சுடரைக் கசக்கி மடிக்கின்றன. நீண்ட புடவை கொசுவத்தில் ஒரு சாணுக்குள் அடங்குதல் போல, மடிந்த சுடரும் சிறிய இடத்தில் மிகுந்த பரப்புடையதாகின்றது. ஒவ்வொரு புள்ளியும் பழைய நடையிலேயே எரியினும் மொத்தத்தில் எரியும் கலவை பெருகுகின்றது. சுடரின் கனத்தினும் சிறிய சுழிகளோ அதனுள்ளேயே புகுந்து வெப்பத்தைக் கலக்குகின்றன. இதற்கும் எல்லையுண்டு. மிகையாக இழுக்கப்பட்ட சுடர், பெறும் வெப்பத்தினும் இழக்கும் வெப்பம் மிகுந்து, கிழிந்து அணைந்துபோம்.

இவ்வளவோடு நிறுத்துவார் பலர். எமக்கோ மறுபாதியே சுவையுடையதாகத் தோன்றுகின்றது: தீயும் கொந்தளிப்பை மாற்றுகின்றது. எரிந்த வாயு ஏழு மடங்களவு விரிந்து ஓட்டத்தை முடுக்குகின்றது. சூடேறிய வாயுவின் பிசுப்பு மிகுவதால் சிறு சுழிகள் மாய்கின்றன. கனத்த குளிர்கலவையும் இலேசான வெப்பவாயுவும் அடுத்தடுத்து நிற்கும் இடத்திலோ புதுச்சுழிகள் பிறத்தலும் உண்டு. சுழியே இல்லாத இடத்தும், தட்டையான சுடர் தானாகவே நெளியும் என்பதைப் பிரான்சு நாட்டு டாரியே 1938-லும், ருஷிய நாட்டு லாண்டவ் 1944-லும் கணித்துக் காட்டினர். அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்று வழக்குத் தீர்க்க ஒண்ணாத சண்டை இது!

மின்சாரம் ஆக்கும் வாயுச் சுழலிகளில் இச்சண்டை பெருந்தொல்லை தருகின்றது. தீயின் வெப்பம் மிகுந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சுவாயு பெருகுமாதலின், எரிபொருளைக் குறைத்துக் காற்றை மிகுத்து முன்கலந்து எரிக்கின்றனர். அத்தகைய மெலிந்த சுடர் எளிதில் தடுமாறும். அதன் துடிப்பு ஒலியாகி, அறைச்சுவரில் மோதி மீண்டு வந்து, சுடரையே உலுக்கும். இரண்டும் ஒத்துப்போயின் பேரொலி எழுந்து எஃகுறுப்புக்களும் பிளக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜித்தும் அவருடன் ஆய்ந்தோரும் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதில் குறிப்பிடத்தக்கது. பேரொலி தொடங்குமுன், கொந்தளிப்பின் ஒழுங்கற்ற இரைச்சலுக்கிடையே ஒழுங்கான அதிர்வுகள் விட்டுவிட்டுத் தோன்றி மறைகின்றன என்று அவர்கள் கண்டனர். அவற்றைக் கவனித்தால் தீங்கு வருமுன்னரே எச்சரிக்கை பெறலாம். வெறும் இரைச்சலென்று பிறர் ஒதுக்கியதனைக் காது கொடுத்துக் கேட்ட பொறுமையை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

இக்காலத்தில் கரியமிலவாயுவைக் குறைக்கக் கருதிச் சூளைகளிலும் ஹைட்ரஜனைக் கலந்தெரிக்க முயல்கின்றனர். காற்றொடு கலந்த ஹைட்ரஜன் சுடரின் நடை நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் செல்லும். மெதுநடைச் சுடருக்கென அமைந்த குழலில் அதனை அவ்வாறே விட்டால் தீ பின்னோக்கிப் பாயும். ஆதலின் துளையின் அகலமும் கலவையின் வேகமும் புதிதாகக் கணிக்கப்படல் வேண்டும். கொந்தளிப்பு அந்நடையை எவ்வளவு மிகுக்கும் என்பதும் அக்கணக்கில் சேர்தல் வேண்டும்.