கொதி வராத பயறு

“எங்க அம்மாச்சி விறகடுப்புல மண்சட்டிய வச்சு மெதுவாத்தான் வேக வைக்கும். இந்தக் கரண்டு சட்டியும் அதே வேலையத்தானே செய்யுது?”

வெளிநாட்டுப் பிள்ளை கொண்டுவந்து கொடுத்த ஸ்லோ குக்கர் இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடும். கேரள எல்லை மலையடிவாரத்து லோயர் கேம்ப் மாதிரி ஊரில் அதற்கு நியாயமும் இருக்கிறது. விடியுமுன்னே ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய இறங்கிவருகிற பெண்களுக்கு, காலையில் பயறைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் ராத்திரி வெஞ்சனம் தயார் என்பது பெரிய விஷயம். பக்கத்தில் நின்று பார்க்கவேண்டாம், விசில் எண்ணவேண்டாம், கேஸும் மிச்சம்.

ஆனால் அம்மாச்சி செய்தது வேறு வேலை. விறகடுப்பில் முதலில் சுள்ளி படபடவென்று எரியும். சட்டி தளதளவென்று கொதிக்கும். நுரை பொங்கிவர, மூடியைத் தள்ளிவைத்து அகப்பையால் வழித்துப் போடுவார். அரை மணி நேரமாவது அந்தக் கூத்து நடக்கும். அதற்குப் பிறகுதான் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விடுவது. ஸ்லோ குக்கரில் இந்த முதல் பாதியே கிடையாது. பச்சைத் தண்ணீரிலிருந்து சூடு ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறுகிறது. கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் பீங்கான் சட்டியின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கும், நடுவில் பயறு அசையாமல் கிடக்கும். ஸ்லோ குக்கரில் வைத்த பண்டங்களைச் சோதித்தபோது உள்சூடு பல சமயம் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் பதிவு செய்திருக்கிறது. இப்போது வரும் பெட்டிகளில் பல, கடைசியில் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய்ச் சேரும் என்பது உண்மைதான். எத்தனை மணிக்குச் சேரும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும்.

நெல்லுச் சோற்றுக்கோ ஆட்டுக்கால் குழம்புக்கோ இந்த வித்தியாசம் பெரிதில்லை. ராஜ்மாவுக்கு மிகப் பெரிது.

ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்று ஒரு புரதம் உண்டு. லெக்டின் வகையைச் சேர்ந்தது. குடலின் உள்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அதை அளக்கிற கணக்கில், பச்சை ராஜ்மாவில் 20,000 முதல் 70,000 அலகு வரை இருக்கும். நன்றாக வெந்தபின் 200 முதல் 400 ஆகக் குறைந்துவிடும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நாலைந்து கொட்டை வயிற்றுக்குள் போனாலே போதும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், அடுத்துக் குடலைப் பிடுங்கிப் போடுகிற வாந்தி, பிறகு பேதி. பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். குழந்தைக்கும் வயதானவருக்கும் உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான் பயம்.

“எட்டு மணி நேரம் வெந்ததுல எந்த விஷம் நிக்கும்?” என்பார்கள். நேரத்தை இங்கே நம்பக்கூடாது. இந்தப் புரதத்தை உடைப்பது வெப்பநிலை. ஊறிய பயறை 100 டிகிரியில் வைத்தால் பத்து நிமிடத்தில் உடையும். 80 டிகிரி வரை மட்டும் சூடேறிய ராஜ்மாவோ, பச்சைக் கொட்டையைவிட ஐந்து மடங்கு வரை நச்சு கூடியதாக இருக்கலாம் என்று அதே அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கிறது. அதாவது, நாள் முழுக்க வெதுவெதுவென்று கிடந்த பயறு, பச்சைப் பயறைவிட மோசமாகக்கூடும்.

இங்கிலாந்தில் இந்த நச்சு முதன்முதலில் 1976இல் கவனத்துக்கு வந்தது. விடுமுறைக்குப் போன பள்ளிப் பையன்கள், ராஜ்மாவை ஊறவைத்து வேகவைக்காமலே தின்றிருக்கிறார்கள். அடுத்த பல ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் புகார்கள் வந்தன, அவற்றில் ஸ்லோ குக்கரும் அடிபட்டது. ஜப்பானில் 2006 மே மாதம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், வெள்ளை ராஜ்மாவை மூன்று நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவித் தின்றால் உடல் இளைக்கும் என்றார்கள். நம்பிச் செய்தவர்களில் சுமார் நூறு பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இளைக்கத்தான் செய்திருப்பார்கள்.

இதைச் சொன்னால் மறுபக்கம் சாய்கிறவர்களும் உண்டு. “அப்ப ராஜ்மாவே விஷமா?” என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவிடுவார்கள். இல்லவே இல்லை. வட இந்தியாவில் கோடிக்கணக்கான வீடுகளில் ராஜ்மா சாவல் வாராவாரம் நடக்கிறது. பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் ஏறினால் உள்ளே 120 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். நச்சு அங்கே நிற்காது. டப்பாவில் வருகிற ராஜ்மாவும் ஆலையிலேயே உயர்சூட்டில் வெந்துதான் வருகிறது. அதை ஸ்லோ குக்கரில் தாராளமாகப் போடலாம். சிக்கல் காய்ந்த கொட்டை, கொதிக்காத சட்டி என்ற இந்த ஒரு ஜோடியில் மட்டும்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவி பிறந்ததே பயறுக்காகத்தான். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அதனால் வெள்ளி மாலையே பயறும் இறைச்சியும் போட்ட சட்டியை ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அடுத்த நாள் வரை அந்தத் தணலில் வேகும். குடும்பத்தில் கேட்ட அந்தக் கதையிலிருந்துதான் நாக்சனுக்கு யோசனை வந்தது. தன் கருவிக்கு ‘நாக்சன் பீனரி’ என்றே பெயர் வைத்தார். ரைவல் நிறுவனம் அதை வாங்கி 1971இல் ‘கிராக் பாட்’ என்று சந்தைக்கு விட்டது. ஆனால் லித்துவேனியாவில் அந்தச் சட்டியை வீட்டு அடுப்பில் ஒரு கொதி விட்ட பிறகுதான் கடைக்கு எடுத்துப்போவது வழக்கம். கருவி ஊர் ஊராகப் போனது, அந்த ஒரு கொதி பலருடைய சமையல் குறிப்பில் உதிர்ந்துவிட்டது.

லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறினால் கேரளம். அங்கே இந்தக் கொதியை மறக்காத ஒரு பொருள் இருக்கிறது. கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் வீடு வீடாகப் பரப்பிய ‘சூடாறாப்பெட்டி’. சூடு வெளியேறாதபடி செய்த பெட்டி, அவ்வளவுதான். கரண்டு கிடையாது. அரிசியை அடுப்பில் கொதிக்கவிட்டுச் சட்டியோடு பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டால், இருக்கிற சூட்டிலேயே வெந்துவிடும். கொதிக்காமல் உள்ளே வைத்தால் வேகவே வேகாது என்பதால், ஏமாற வழியில்லை. ஸ்லோ குக்கர் பாதி வேலையைத் தானே செய்வதால்தான் நாம் ஏமாறுகிறோம்.

“ராஜ்மா வெளியூர்ச் சரக்கு. நம்ம நாட்டுப் பயறுக்கு ஒண்ணும் ஆகாது.”

பாதி உண்மை. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மைசூர்ப் பருப்பு இவற்றிலெல்லாம் இந்த லெக்டின் தொல்லை மிகக் குறைவு. மொச்சை அப்படியில்லை. கூடலூர் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் காடுகளில் விளைகிற நம்ம மொச்சைக்கொட்டையிலும் லெக்டின் உண்டு. கூடவே, காய்ந்த கொட்டையில், குறிப்பாகத் தோல் கறுத்த ரகங்களில், சயனைடு விடக்கூடிய சேர்மமும் கொஞ்சம் இருக்கும். பயப்படும் அளவு இல்லை, ஏனென்றால் நம் வழக்கமே அதற்கு மருந்து: ராத்திரி முழுக்க ஊறவைப்பது, ஊறிய தண்ணீரைக் கொட்டுவது, நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்த சட்டியில் கொதிக்கவிடுவது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகிற பொருள். மூடி திறந்திருந்தால் நீராவியோடு போய்விடும். ஸ்லோ குக்கரோ, மூடியைத் திறக்காதே என்று கட்டளையிடுகிற கருவி. மூடியில் படிகிற நீர் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும். எனவே மொச்சைக்கும் ராஜ்மா மரியாதை கொடுங்கள். டபுள் பீன்ஸும் இதே கணக்குதான்.

முளைகட்டினால் போதும் என்பதும் தவறு. பாசிப்பயற்றுக்குச் சரி. ராஜ்மாவை முளைகட்டிச் சாலட்டில் போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும்.

“விரலில் நசுக்கினால் நசுங்குது, வெந்துபோச்சு.” நசுங்குவது மாவுச்சத்தும் தோலும் இளகியதற்கு அடையாளம். அது 100 டிகிரிக்குக் கீழேயும் நடக்கும், நேரம் கொடுத்தால் போதும். நகத்தால் கிள்ளிப் பார்த்து நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தால் நிச்சயம் வேகவில்லை. புள்ளி இல்லாததாலேயே நச்சு போய்விட்டது என்று ஆகாது. கொதித்ததா என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

இங்கே கரண்டையும் மலையையும் பற்றிக் கொஞ்சம். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் மலையிறங்கி மின்சாரமாவது லோயர் கேம்ப்பில்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு வோல்டேஜ் பாடம் நான் எடுக்கவேண்டியதில்லை. இருந்தாலும் இந்தக் கணக்கைப் பாருங்கள்: 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால், சூடாக்கும் சுருளின் திறன் அதே விகிதத்தில் குறைவதில்லை, வர்க்கத்தில் குறையும். 100 பங்கு சூடு வரவேண்டிய இடத்தில் 61 பங்குதான் வரும். பல்பு மங்கினால் நமக்குத் தெரிகிறது, ஸ்லோ குக்கர் மங்கினால் தெரிவதில்லை.

“மலைக்கு மேல பயறு வேகாது” என்ற பேச்சு மூடநம்பிக்கை இல்லை. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். குமுளியில் சுமார் 97 டிகிரியிலும், மேகமலையில் 95 டிகிரியிலும், கொடைக்கானலில் 93 டிகிரியிலும் தண்ணீர் கொதித்துவிடும். தோட்டத்து லயத்தில் தங்கிச் சமைக்கிறவர்கள் இங்கிலாந்துக்காரர் சொல்கிற பத்து நிமிடக் கொதியை நம்பவேண்டாம். அமெரிக்கர் சொல்கிற முப்பது நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர்களுக்கும் முப்பதுதான் என் கட்சி.

உப்பு விஷயம். “முதல்லயே உப்புப் போட்டா வேகாது” என்று சொல்லாத மாமியார் இல்லை. உண்மையில் ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் சீக்கிரம் இளகும். தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் இடத்தில் சோடியம் போய் உட்கார்ந்துகொள்வதால் வருகிற பலன். வேகவிடாமல் இழுத்தடிப்பது புளியும் தக்காளியும்தான். புளிப்பில் பயறின் செல்சுவர் இறுகிப்போகும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடுகிற ஸ்லோ குக்கர் புளிக்குழம்பில் மொச்சை கல்லாகவே கிடப்பதற்குக் காரணம் இது. வெந்தபின் புளி கரைத்து ஊற்றுகிற நம் முறையே சரி. போர்த் தண்ணியில் பயறு வேகாது என்பதும் சரிதான். கடினநீரில் இருப்பது அதே கால்சியம், மக்னீசியம். ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும், கூடவே தயமின் என்கிற வைட்டமினும் போகும். பழைய சரக்கு வேகாமல் அடம்பிடித்தால் சோடாவைத் திட்டிப் பயனில்லை. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பயறு நிரந்தரமாகவே இறுகிவிடும்.

ஊறிய தண்ணீரில்தான் சத்து இருக்கிறது என்று அதிலேயே வேகவைப்பவர்கள், கொள்ளு ரசத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ரசம் வைப்பது கொள்ளு வெந்த தண்ணீரில். ஊறிய தண்ணீர் வேறு. கொஞ்சம் வைட்டமின் அதில் கரைகிறது, உண்மை. வாயுவைக் கிளப்புகிற ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளும் கரைகின்றன, லெக்டினிலும் ஒரு பங்கு. ராஜ்மா, மொச்சை ஊறிய தண்ணீர் முருங்கை மரத்தடிக்குப் போகட்டும்.

கடைசியாக ‘வார்ம்’ பொத்தான். வெந்தபின் ராத்திரி முழுக்க அதில் கிடந்தால் கெடாது என்று எண்ணுகிறார்கள். 60 டிகிரிக்கு மேல் நின்றால் கெடாது. ஆனால் கரண்டு போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், பெட்டி எதுவுமே நடக்காத மாதிரி விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும். கொதியில் சாகாத பாக்டீரியா வித்துகளுக்கு இடையில் வந்த அந்த வெதுவெதுப்பு போதும்.

ஜீப்புக்குப் போகிற வீட்டுக்கு நான் சொல்வது இது. முதல்நாள் ராத்திரி பயறை ஊறப்போடுங்கள். எழுந்ததும் வடித்து, புதுத்தண்ணீர் ஊற்றி, கேஸில் வைத்து முப்பது நிமிடம் நுரை தள்ளக் கொதிக்கவிடுங்கள். அதற்குள் குளித்து, தூக்குவாளியில் சோறும் கட்டிவிடலாம். ஸ்லோ குக்கரின் பீங்கான் சட்டியை வெந்நீரால் ஒருமுறை அலசிவிட்டுப் பயறைக் கொட்டுங்கள். ஜில்லென்ற சட்டியில் கொதிக்கிறதை ஊற்றினால் விரிசல் விடும். வெங்காயம், மல்லித்தூள், உப்பு எல்லாம் போடலாம். புளி மட்டும் சாயங்காலம் வந்து. கறுப்புக் கொண்டைக்கடலைக்கும் தட்டைப்பயற்றுக்கும் இந்த முன்கொதி கட்டாயமில்லை, விட்டால் சீக்கிரம் வேகும், அவ்வளவே. ராஜ்மாவுக்கு அந்த முப்பது நிமிடம் காலையில் கிடைக்காது என்றால், அன்றைக்குப் பிரஷர் குக்கரையே எடுங்கள்.