மீன் புழங்காத வீட்டுக்கு ஒமேகா எண்ணெய்

செஞ்சி பக்கத்தில் இருக்கிற மேல்சித்தாமூர், பார்சுவநாதர் கோயிலும் ஜினகாஞ்சி சமண மடமும் உள்ள ஊர். நான் வாழ்க்கைப்பட்ட ஊரும் அதுதான். எங்கள் வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை, தேனும் இல்லை. பெரியவர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். இப்படிப்பட்ட வீட்டில், "ஒமேகா 3 சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொன்னால் எதை வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது? பத்து வருடமாகத் தடுமாறித் தடுமாறிக் கற்றதை எழுதுகிறேன். சைவ வீடு எதற்கும் இது பொருந்தும்.

1. முதலில், நமக்கு எது குறைவு என்று பாருங்கள். எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் எள்ளும் விளைகிற சீமை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்களை அறியாத விவசாயி இங்கே இல்லை. கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஒமேகா 6, ஒமேகா 9 இரண்டும் தாராளமாக இருக்கின்றன. ஒமேகா 3 மட்டும் ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஆகவே "ஒமேகா 3-6-9" என்று எழுதிய விலையுயர்ந்த டப்பாவைத் தேட வேண்டாம். இருப்பதையே காசு கொடுத்து மறுபடி வாங்குவதுதான் அது. வேண்டியது 3 மட்டுமே, அது ஆளி விதையில் நிறைய இருக்கிறது.

2. எண்ணெயை விட விதை மேல் என்பது என் தீர்மானம். ஆளி விதையில் எண்ணெயோடு நார்ச்சத்தும் லிக்னானும் சேர்ந்து கிடைக்கும். பிழிந்த எண்ணெயில் நார் இருக்காது. ஒரு மேசைக்கரண்டி பொடியில் சுமார் ஒன்றரை கிராம் ஒமேகா 3 இருக்கிறது, ஒரு நாளைக்கு அது போதும். விதையை முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். பொடித்துத்தான் சாப்பிட வேண்டும், கூடவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மலச்சிக்கல் வரும்.

3. ஆளிப் பொடி செய்யும் விதம்: 100 கிராம் விதையை வெறும் சட்டியில், சிறு தீயில், படபடவென்று பொரியும் வரை வறுத்து எடுங்கள். அதே சூட்டில் கைப்பிடி எள், நாலைந்து காய்ந்த மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை, சுண்டைக்காயளவு புளி ஆகியவற்றை வதக்கி, உப்பும் பெருங்காயமும் சேர்த்து, நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் விட்டுக் கட்டிதட்டிப் போகும். பூண்டு சேர்க்காததால் விரத நாளிலும் ஆகும். இரண்டு வாரத்துக்கு மட்டும் அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

4. பல் இல்லாதவர்களுக்கும், பொடி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் எண்ணெய் சௌகரியம். குளிர்ந்த முறையில் பிழிந்தது, கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் அடைத்தது, பிழிந்த தேதி அண்மையில் உள்ளது என்று மூன்றையும் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள்.

5. பெரிய குப்பி மலிவு என்று ஏமாற வேண்டாம். தினம் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி வீதம் 500 மில்லி குப்பி 100 நாள் வரும். திறந்த ஆளி எண்ணெய் ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம்தான் நன்றாக இருக்கும். ஒருவர் மட்டும் சாப்பிடும் வீட்டுக்கு 200 மில்லி சரி. மூடியில் திறந்த தேதியை எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் இது உறையாது.

6. கெட்டதா என்று மூக்கே சொல்லிவிடும். நல்ல ஆளி எண்ணெய் பச்சைக் கொட்டை வாசமும் லேசான கசப்புமாக இருக்கும். கெட்டதோ, புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவு போல நாறும். காரணம் இருக்கிறது. லின்சீட் என்று பெயிண்ட்காரர்கள் சொல்லுவது இந்த ஆளியைத்தான். காற்றுப்பட்டால் பிராணவாயுவை இழுத்துக்கொண்டு இறுகிப் படலமாகும் குணம் அதற்கு உண்டு. ஓவியர்களுக்கு உதவுகிற அந்தக் குணமே சமையலறையில் நமக்குப் பகை. பெயிண்ட் கடையில் விற்கும் லின்சீட் எண்ணெயைச் சாப்பிடவே கூடாது. சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

7. அடுப்பில் ஏற்றாதீர்கள். சுமார் 107 டிகிரியிலேயே புகையத் தொடங்கும் எண்ணெய் இது. தாளிக்க நல்லெண்ணெய், வடைக்குக் கடலெண்ணெய். ஆளி எண்ணெயை இலையில் பரிமாறிய பிறகு ஊற்றுங்கள். வெதுவெதுப்பான சோற்றில் பருப்புப் பொடி போட்டு, நெய்க்குப் பதிலாக இதை ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தால் கசப்பே தெரியாது.

8. மாத்திரையாக வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். என் மாமியாருக்கு ஆளி எண்ணெய் மாத்திரை வாங்கி வந்தேன். "விதையிலிருந்து எடுத்தது" என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஒரு மாதம் போன பிறகு அத்தை ஒரு மாத்திரையை விரல் நுனியில் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஏம்மா, உள்ள இருக்கறது விதை எண்ணெய் சரி, மேல கண்ணாடியாட்டம் இருக்கே உறை, அத எதுல செய்யறாங்க?" என்று கேட்டார். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். ஜெலட்டின். விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. எண்பது வயது வரை நோன்பு வழுவாதவர். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து உறையைப் படிக்காமல் எந்த மாத்திரையையும் நான் வாங்குவதில்லை. சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். அதோடு, சேர்மானப் பட்டியலில் உறை எதனால் ஆனது என்று பாருங்கள். ஹெச்.பி.எம்.சி., ஸ்டார்ச், காராஜீனன் என்றிருந்தால் தாவரவழி. ஒன்றுமே எழுதாவிட்டால் வாங்காதீர்கள்.

9. "1000 மி.கி." என்று பெரிதாக அச்சடித்திருப்பது எண்ணெயின் எடை. ஒமேகா 3 அதில் பாதிதான். ஒரு தேக்கரண்டி எண்ணெயின் பலன் வேண்டுமானால் நாலைந்து மாத்திரை விழுங்க வேண்டிவரும். விலையையும் இந்தக் கணக்கில் பாருங்கள்.

10. ஆளியில் உள்ளது ஏ.எல்.ஏ. என்ற வகை. மீனில் உள்ள ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. வேறு. ஏ.எல்.ஏ.யில் சிறு பங்கைத்தான் உடம்பு அவையாக மாற்றிக்கொள்ளும், டி.ஹெச்.ஏ. ஆவது வெகு சொற்பம். மருத்துவர் டி.ஹெச்.ஏ. வேண்டும் என்றே எழுதிக் கொடுத்தால் நுண்பாசி எண்ணெய் கிடைக்கிறது. மீனுக்கும் டி.ஹெச்.ஏ. பாசியிலிருந்துதான் வருகிறது. இப்போது பாசியைத் தொட்டியில் வளர்த்து நேரே எடுக்கிறார்கள். பாசி நோன்புக்கு ஆகுமா என்பதை அவரவர் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மீன் எண்ணெய் சாப்பிடாததால் இதயம் கெட்டுவிடுமோ என்று கலங்க வேண்டாம். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்து 2018-இல் வெளிவந்த வைட்டல் ஆய்வில், தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பெரிய இதய நோய்கள் குறிப்பிடும்படி குறையவில்லை.

11. வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள், கர்ப்பிணிகள் மூவரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பொடி சாப்பிடுகிறவர்கள், மற்ற மாத்திரைகளுக்கும் பொடிக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

12. வாங்க வசதி இல்லையா? கொல்லையில் முளைக்கிற பருப்புக் கீரையில் மற்ற கீரைகளை விட ஒமேகா 3 கூடுதல். வாரம் இரண்டு நாள் கடைந்து சாப்பிடுங்கள். கடுகெண்ணெயிலும் கொஞ்சம் உண்டு.

13. கெட்டுப்போன எண்ணெயைக் கொட்ட வேண்டாம். மண்வெட்டிக் காம்பு, தேக்குக் கதவு, மர அலமாரி ஆகியவற்றில் மெல்லிசாகத் தடவி ஊறவிட்டுத் துடைத்தால் மரம் வெடிக்காது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு கலந்து சூடேறி, தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, வெளியில் கொடியில் விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.