முதியோர் விழாமற் காப்போம்

முதியோர் வழுக்கி விழுவதை விதியின் செயல் எனக் கூறி ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. ஆனால் அது பெரும்பாலும் தடுக்கத்தக்க விபத்தேயாகும். உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறக்கின்றனர். இவர்களுள் அறுபது வயது கடந்தோரே மிகுதி. தொடையெலும்பு முறிந்து ஒருவர் படுக்கையிலாழ்ந்தால், அவரைப் பேணும் மற்றொருவரின் வயல் வேலையும் தடைப்படுகின்றது.

காரணங்கள்

கண்புரை, கால் தசைகளின் தளர்ச்சி, நீரிழிவால் பாதங்கள் உணர்விழத்தல், தூக்க மருந்துகள் ஆகியவை முக்கிய காரணங்கள். சிலருக்குப் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். பக்கவாதம் கண்டவருக்குப் பாதம் தரையில் இழுபடும். பார்க்கின்சன் நோயாளிக்கோ வாயிற்படியிலும் திரும்புமிடத்திலும் கால்கள் திடீரென நின்றுவிடும். ஒருமுறை விழுந்தவர் அச்சத்தால் நடப்பதைக் குறைப்பார். அதனால் கால்கள் மேலும் தளர்ந்து, மீண்டும் விழுவார்.

வீட்டில் செய்ய வேண்டுவன

குளிக்குமிடத்துப் பாசியைத் தேய்த்து அகற்றுக. கழிப்பிடச் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துக. இரவில் அங்குச் செல்லும் வழியில் விளக்கு எரியட்டும். எழுந்தவுடன் நடவாமல், படுக்கையின் விளிம்பில் சிறிது நேரம் அமர்ந்திருத்தல் நலம். நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்தமரும் பயிற்சி கால்களுக்கு வலுவூட்டும். அருகில் ஒருவர் துணை நிற்கட்டும். கால் நின்றுபோன பார்க்கின்சன் நோயாளியைப் பிடித்து இழுத்தல் ஆகாது. 'ஒன்று, இரண்டு' என எண்ணி அடியெடுத்து வைக்கச் சொல்லலாம். தரையில் குறுக்குக் கோடுகள் இடுவதும் உதவும். மருந்துகளைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டறிக.

விழுந்துவிட்டால்

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தலாகாது. இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகத் தோன்றினாலோ, அவரை அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அவசியம்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையிலுள்ள 29 பொருள்களுள் சுகாதாரமும் ஒன்று. எரியாத தெருவிளக்கு, குழாயடிச் சேறு, மூடியில்லாத சாக்கடை ஆகியவற்றை அங்கத்தினர்கள் நேரில் பார்வையிட்டுச் சீர்செய்தல் வேண்டும். பொதுக் கட்டடங்களின் சாய்தளம், ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் உடையதாக இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை பெற வழியுண்டு. தேவைப்படுவோரின் பெயர்களைச் சுகாதாரப் பணியாளரிடம் தெரிவிப்பீராக.

நமக்கு நடை பழக்கியவர்கள் தடுமாறாமல் நடக்கச் செய்வது நம் கடமையன்றோ!